கடவுள் பார்த்துக்கொள்வார்

1994ஆம் ஆண்டு மார்ச் மாதத்துக் காலை ஒன்று. நேரம் ஆறரை மணி. ஜேர்மனியின் ரூர் பகுதியில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில், ஈரத்துணி ஒன்றைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். முன்னால் கட்டிலில் எண்பத்துமூன்று வயது மூதாட்டி. இரவுச் சட்டை நனைந்திருந்தது. அவரைக் கழுவித் துடைத்து, உடை மாற்றி, கதிரையில் இருத்தவேண்டும். அதுதான் வேலை. அதற்குத்தான் சம்பளம்.

என்னால் கையை நீட்ட முடியவில்லை. "முருகா" என்று வாய் முணுமுணுத்தது. முருகன் வரவில்லை. வந்தவர் என்னோடு வேலைசெய்த போலந்துக்காரப் பெண்மணி. என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். "கும்பிடுவதானால் கும்பிடு. ஆனால் முதலில் கட்டிலை உயர்த்து. இல்லாவிட்டால் உன் முதுகு போய்விடும்" என்றார்.

இதை வாசிக்கும் நண்பர்களில் சிலர் சாமி கும்பிடுவதை விட்டு இருபது, முப்பது வருடங்கள் ஆகியிருக்கும். நான் விடவில்லை. விடாததற்குப் பெருமைப்படவுமில்லை. ஆனால் கும்பிட்டபடி நான் எதையெல்லாம் செய்யாமல் விட்டேன் என்பதை எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

எங்கள் ஊர்ப்பேச்சில் 'பார்க்கிறது' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கண்ணால் காண்பது ஒன்று. நோயாளியை, குழந்தையை, கிழவர்களைப் பராமரிப்பது மற்றது. "கொம்மாவை ஆர் பாக்கினம்?" என்று ஊரிலிருந்து வந்த எவரும் கேட்பார்கள். "கடவுள் பாப்பார்" என்று சொல்லிவிடலாம். அந்தப் பதிலில் இரண்டு பொருளும் கலந்துபோகும். கடவுள் மேலிருந்து காண்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் விடியற்காலை நனைந்த படுக்கை விரிப்பை மாற்றுவது யார்? அதை நான் கேட்டதில்லை.

1985இல் நான் ஊரை விட்டு வெளிக்கிட்டேன். மொஸ்கோ ஊடாகக் கிழக்கு பேர்லின். அங்கிருந்து பிறீட்றிக் வீதி நிலையத்தில் ரெயின் ஏறினால் மேற்கு பேர்லின். 1986இல் அந்த வழி மூடப்படும்வரை எங்களில் ஆயிரக்கணக்கானோர் வந்த பாதை அது. வெளிக்கிட்ட அன்று அம்மா வாசலில் நின்று திருநீறு பூசிவிட்டா. "நான் தனியத்தானே. கடவுள் பாத்துக்கொள்ளுவார். நீ போ" என்றா. அப்பா அதற்கு முன்னரே இறந்துவிட்டார். அக்கா பின்னர் கனடா போனா. நான் போனேன். வழி நெடுக நேர்த்திதான். பேர்லினில் பிடிபடாவிட்டால் நூற்றெட்டுத் தேங்காய். அசூல் கேசு சரிவந்தால் காவடி. வேலை அனுமதி கிடைத்தால் அபிஷேகம். கடவுளோடு எனக்கிருந்த உறவு பெரும்பாலும் கடன்காரனுக்கும் கடன் கொடுத்தவருக்கும் உள்ள உறவுதான்.

மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது, வேலை செய்யக்கூடாது என்ற வருடங்கள் முடிந்தபின் றெஸ்ரோரண்டுகளில் கோப்பை கழுவினேன். அந்த வேலையும் போனபோது வேலைவாய்ப்புக் கந்தோர் என்னை முதியோர் இல்லத்துக்கு அனுப்பியது. வீட்டில் இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சக தமிழர்களிடம் "கொஸ்பிற்றலில் வேலை" என்று சொல்லிக்கொண்டேன். ஒரு ஆம்பிளை, அதுவும் நல்ல குடும்பத்துப் பிள்ளை, அடுத்தவரின் மலத்தைத் துடைக்கிறான் என்பதை எந்த வாயால் சொல்வது? 'நல்ல குடும்பம்' என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தபோது, கதவைச் சாத்திய பக்கத்தில் நின்றவர்களோடுதான் என் அப்பாவும் மனதால் நின்றார். அந்தக் கதையை வீட்டில் அவர் பெருமையாகச் சொல்லுவார்.

போலந்துப் பெண்மணி எனக்கு வேலை பழக்கினார். தண்ணீரின் சூட்டைக் கழுவப்படுகிறவரின் கையிலே பட வைத்துக் கேட்கவேண்டும். முகத்துக்குச் சவர்க்காரம் கூடாது. கழுவுகிற பகுதியை மட்டும் திறந்து, மிச்ச உடம்பைத் துவாயால் மூடி வைக்கவேண்டும். குளிருக்காக மட்டுமல்ல, மானத்துக்காகவும். தொடுமுன் என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்லவேண்டும், அவருக்கு விளங்காது என்று நாம் நினைத்தாலும். படுத்தபடி தண்ணீர் பருக்கக்கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். எழும்ப முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்கவேண்டும். குதிக்கால், இடுப்பு, நாரி முடியும் இடம் மூன்றையும் ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளிறவேண்டும். வெளிறாமல் சிவப்பாகவே நின்றால் உள்ளே தசை சாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஒரு இரவு கவனிக்காமல் விட்டால் போதும், பிறகு மாதக்கணக்கில் ஆறாது. படுக்கைப் புண் நோயல்ல, யாரும் பார்க்கவில்லை என்பதற்குச் சாட்சி என்று அவர் சொல்லுவார்.

இதையெல்லாம் அவர் சட்டம்போல் சொல்லவில்லை. கையால் காட்டினார். நான் பிழைவிட்டபோது திட்டினார். கழுத்தில் ஒரு சிறிய மாதா பதக்கம் போட்டிருந்தார். பாரமானவரைத் தூக்குமுன் அதை ஒருமுறை தொடுவார். பிறகு முழங்காலை மடித்து, முதுகை நேராக வைத்துத் தூக்குவார். இரண்டில் ஒன்றை அவர் விட்டதை நான் கண்டதில்லை.

கூச்சம் போக நாளெடுத்தது. அது போன விதம் வேடிக்கையானது. அம்மா செவ்வாய், வெள்ளியில் கந்தசஷ்டி கவசம் ஓதுவா. சிறுவயதில் கேட்டுக் கேட்டு எனக்கும் பாடம். ஒருநாள் கை தயங்கியபோது பழக்கதோஷத்தில் கவசத்தை மனதுக்குள் சொல்லத் தொடங்கினேன். அது உடம்பை அங்கம் அங்கமாகச் சொல்லி ஒவ்வொன்றையும் வேல் காக்கவேண்டும் என்று கேட்கிற பாட்டு. முகம், கண், காது, மூக்கு, வாய், கழுத்து, மார்பு, தோள், முதுகு என்று இறங்கிக்கொண்டு போகும். நான் கழுவிய ஒழுங்கும் ஏறக்குறைய அதுவே. அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. கவசம் எந்த இடத்தையும் விட்டுவிட்டுப் போவதில்லை. நாம் வாய்விட்டுச் சொல்லக் கூசும் உறுப்புகளையும் பெயர் சொல்லிக் காக்கக் கேட்கிறது. அம்மா அந்த இடம் வரும்போது குரலைத் தாழ்த்தியதே இல்லை. சாமி அறையில், விளக்கின் முன்னால் ஓதுவா. அம்மாவின் வாய் கூசாத இடத்தில் என் கைக்கு என்ன கூச்சம்?

அன்றிலிருந்து கவசம் எனக்கு ஒரு வேலைப்பாட்டு ஆயிற்று. அந்த மூதாட்டிக்கு ஞாபகம் குறைந்துகொண்டே வந்தது. என் பெயர் அவருக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் நான் முணுமுணுக்கத் தொடங்கினால் தானாகவே முகத்தை நீட்டுவார். தோளுக்கு வந்ததும் கையைத் தூக்கித் தருவார். "என்ன பாட்டு?" என்று ஒருமுறை கேட்டார். "என் அம்மாவின் பாட்டு" என்றேன். எனக்கு அப்போது தெரிந்த டொச்சில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அவரும் அகதிதான் என்று பின்னர் தெரிந்தது. கிழக்கு பிரஷ்யாவில் பிறந்தவர். 1945 தொடக்கத்தில் செஞ்சேனை நெருங்கியபோது, அந்தப் பகுதிச் சனம் உறைந்துபோன ஒரு கடல்நீரேரியின் மேலால் குதிரை வண்டிகளில் தப்பி ஓடியது. பனிக்கட்டி உடைந்து வண்டிகள் மூழ்கின. மேலிருந்து விமானங்கள் சுட்டன. நடக்க முடியாத தாயை வண்டியில் விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இவர் நடந்திருக்கிறார். "அம்மா வண்டியில் இருக்கிறா, போய்ப் பார்" என்று இரவுகளில் என்னைக் கேட்பார். ஐம்பது வருடத்துக்கு முந்திய வண்டி. "பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு அறைக்கு வெளியே போய் நின்றுவிட்டு வருவேன். கிளாலிக் கடலை நினைப்பேன். 1993இல் என் சித்தி குடும்பம் இரவோடு இரவாகப் படகில் அந்த நீரேரியைக் கடந்து கொழும்பு வந்தது. சித்தியின் மூத்த மகள் மட்டும் ஊரில் நின்றாள். பள்ளிக்கூட ஆசிரியை. அந்த வருடம் பாரிசவாதத்தில் விழுந்த என் அம்மா அவளுடைய பொறுப்பில்தான் இருந்தா. நான் பணம் அனுப்பினேன். கடவுள் பார்த்துக்கொண்டிருந்தார்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி. வலிகாமம் முழுவதையும் விட்டு வெளியேறும்படி அறிவித்தல் வந்து, இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில், கொட்டும் மழையில், செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போனது. அதை நான் பி.பி.சி. தமிழோசையில்தான் அறிந்தேன். ஊரில் ரெலிபோன் இல்லை. மின்சாரமே இல்லாமல் ஐந்து வருடம். அம்மாவை எப்படிக் கொண்டுபோனார்கள், கொண்டுபோனார்களா என்றே தெரியாது. அன்று எனக்கு இரவு வேலை. இரண்டு மணிக்கு மூதாட்டியைப் பக்கம் மாற்றப் போனேன். ஒரு கையைத் தோளிலும் மறுகையை இடுப்பிலும் வைத்தபடி நின்றேன். அப்போது ஒரு பேரம் பேசினேன். "முருகா, நான் இவவைப் பார்க்கிறேன். நீ அம்மாவைப் பார்."

என் வாழ்க்கையில் வைத்த நேர்த்திகளில் இதை மட்டும்தான் ஒழுங்காக நிறைவேற்றினேன். ஐந்து மாதம். ஒரு இரவுகூடப் பிந்தவில்லை. என் வேலை இல்லாத இரவுகளில்கூட ரெலிபோன் எடுத்து, பக்கம் மாற்றியாயிற்றா என்று சக வேலையாட்களைக் கேட்டுத் தொல்லை கொடுத்திருக்கிறேன்.

கடிதம் 1996 மார்ச்சில் வந்தது. கொழும்புக்கு வந்த ஒருவரின் கையில் கொடுத்துவிட்டு அங்கிருந்து தபாலில் போட்டது. சித்தியின் மகள் எழுதியிருந்தாள். அம்மா ஜனவரி கடைசியில், தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இறந்துவிட்டா. அந்த வரியைப் பலமுறை வாசித்துவிட்டுத்தான் மிச்சத்துக்குப் போனேன்.

இடம்பெயர்ந்த இரவில் அம்மாவைத் தள்ளுவண்டியில் ஏற்றிப்போனவர்கள் யார் என்று எழுதியிருந்தாள். எங்கள் வீட்டுக்கு மூன்று தலைமுறையாகத் துணி வெளுத்த குடும்பம். பள்ளிக்கூடத்து வகுப்பறையில் அவர்களும் இவர்களும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்து அம்மா எங்கள் வீட்டு முற்றத்தைத் தாண்டி விறாந்தையில் ஏறி நான் கண்டதில்லை. அவர் வருகிற நாளில் அம்மா துணிப்பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டு எட்ட நிற்பா. அவர்தான் அம்மாவைக் கழுவினார். முதல் இரண்டு நாள் அம்மா தொடவிடவில்லையாம். வாய் கோணியிருந்தாலும் "வேண்டாம்" என்று தலையை ஆட்டினாவாம். மூன்றாம் நாள் ஆட்டவில்லை. "எனக்கு அருவருப்பாக இருந்தது அண்ணா. மறைக்க விருப்பமில்லை. சின்னப் பிள்ளைகளும் என்னோடு. அவதான் எல்லாம் செய்தா" என்று எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு வரி: "அம்மாவுக்கு முதுகிலே புண் ஒன்றும் வரவில்லை."

ஆறுதலுக்காக எழுதிய வரி. அது என்ன வரி என்று அவளுக்கே தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். ஒரு பக்கம் விழுந்த உடம்பு. மூன்று மாதம். சீமெந்துத் தரையில் பாயும் சாக்கும். புண் இல்லை. அப்படியென்றால் யாரோ இரவில், ரோர்ச் வெளிச்சம்கூட இல்லாமல், ஒவ்வொரு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கும் எழும்பி அவவைப் பிரட்டியிருக்கவேண்டும். நனைந்ததை உடனே மாற்றியிருக்கவேண்டும். இங்கே எங்களுக்கு ஏற்றி இறக்கும் கட்டில், காற்று மெத்தை, கையுறை, மூன்று நேர ஆட்கள் எல்லாம் இருந்தும் சிலவேளை புண் வந்துவிடுகிறது.

முருகன் பேரத்தைக் காப்பாற்றிவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. அழுகையும் நன்றியுமாக ஒரு முழுநாள் அப்படியே இருந்தேன். மறுநாள் அந்த எண்ணம் உறுத்தத் தொடங்கியது. அவரைக் கடவுளின் கை என்று சொன்னால் நான் என்ன செய்கிறேன்? மூன்று தலைமுறை எங்கள் வீட்டுக்கு ஊழியம் செய்தவரை, இப்போது கடவுளின் பெயரால் இன்னொருமுறை ஊழியத்துக்கு அனுப்புகிறேன். நன்றி நல்லூருக்குப் போகும். அவருக்கு வழமைபோலப் படியில் வைத்த பொட்டலம். மூன்றாம் இரவு எழும்பாமல் படுத்திருக்க அவருக்கு முழு உரிமையும் இருந்தது. எழும்பினார். அதை அவருடைய கணக்கிலிருந்து எடுத்து எந்தச் சாமியின் கணக்கிலும் எழுத எனக்கு உரிமையில்லை.

மூதாட்டி அந்த வருட ஏப்ரலில் இறந்தார். நான் வேலையில் நின்ற இரவு. போலந்துப் பெண்மணியும் நானும் அவரைக் கடைசியாகக் கழுவினோம். அவர் தன் மொழியில் ஏதோ சொன்னார். நான் கவசம் சொன்னேன், இம்முறை வாய்விட்டு. அம்மாவுக்கு நான் செய்யாத கடமை அது என்று இருவருக்கும் தெரியும். இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

அடுத்த வருடம் ஜேர்மனியில் பராமரிப்புக் காப்புறுதிக்கு ஒரு நிமிடக் கணக்கு வந்தது. எவருக்கு எவ்வளவு உதவி தேவை என்று மதிப்பிடுவதற்காக. முழு உடம்பு கழுவ 20 முதல் 25 நிமிடம். பல் துலக்க 5 நிமிடம். தலை வார 1 முதல் 3 நிமிடம். 2017இல் அந்தக் கணக்கைக் கைவிட்டு ஐந்து படிநிலைகள் கொண்ட வேறு முறைக்கு மாறினார்கள். அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் பள்ளிக்கூடத்து வகுப்பறைதான் நினைவுக்கு வரும். அங்கே யார் நிமிடம் எண்ணினார்கள்?

சமாதான காலத்தில், 2002இல் ஏ9 பாதை திறந்து அடுத்த வருடம் ஊருக்குப் போனேன். முதலில் அவருடைய வீட்டுக்குத்தான் போனேன் என்று எழுத ஆசை. உண்மை அப்படியல்ல. நல்லூருக்குப் போய், சொந்தக்காரர் வீடுகள் எல்லாம் முடித்து, நாலாம் நாள்தான் கால் அந்தப் பக்கம் திரும்பியது. முன்பு "சின்ன நயினார்" என்று என்னைக் கூப்பிட்டவர், "வாங்கோ தம்பி" என்றார். அந்த மாற்றம் எனக்குத் திருநீறு பூசியது போலிருந்தது. கதிரை தந்தார். தேத்தண்ணி தந்தார். எங்கள் வீட்டில் அவர் ஒருநாளும் குடித்திராத தேத்தண்ணி.

பக்கம் பிரட்டவேண்டும் என்று யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"படுத்த பக்கம் சிவந்தா நோகுமெல்லே. அதைச் சொல்லித் தரவேணுமே?"

"அந்த நேரம் கடவுளைக் கும்பிட்டனீங்களா?"

"கும்பிடாம? சனம் முழுக்கக் கும்பிட்டதுதானே. ஆனா தம்பி, கும்பிடவும் ரெண்டு கை வேணும், அம்மாவைப் பிரட்டவும் ரெண்டு கை வேணும். பிரட்டிப்போட்டுக் கும்பிடுவன்."

ஏன் செய்தீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார். "ஆரும் பாக்கேல்லை. நான் பக்கத்திலை கிடந்தன். நாத்தம் எனக்குத்தானே முதல் வரும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் கொண்டுபோன பணத்தை வாங்கவில்லை. "அப்ப காசுக்குச் செய்தன் எண்டு ஆகிடும்" என்றார். என் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். தண்ணீரிலும் கிருமிநீக்கியிலும் ஊறி வெடித்த கை. "நீங்களும் துணி வெளுக்கிறனீங்களே?" என்றார். இல்லை, கிழவர்களைப் பார்க்கிறேன் என்றேன். என் வேலையை நான் ஒளிக்காமல் சொன்ன முதல் தமிழர் அவர்தான்.

2002இல் ஹம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் கும்பாபிஷேகம் நடந்தபின் நான் தேர்த் திருவிழாவுக்குத் தவறாமல் போய்வருகிறேன். இன்னும் கும்பிடுகிறேன். ஆனால் கேட்பது மாறிவிட்டது. 'நீ பார்த்துக்கொள்' என்று சொல்ல நா எழுவதில்லை. அந்த வார்த்தையில் ஏறிக்கொண்டு நான் எத்தனை பேரை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இப்போது கேட்பதெல்லாம் சின்ன விடயங்கள்தான்: இன்றைக்கு முதுகு தாங்கவேண்டும், கோபம் வரக்கூடாது, மூக்கைச் சுளித்ததைக் கிழவர் காணக்கூடாது. இவற்றில் சில கிடைக்கின்றன. சில கிடைப்பதில்லை. கோபம் வந்த நாட்களும் உண்டு. கையை இறுக்கிப் பிடித்துவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்ட நாட்களும் உண்டு.

எனக்கும் இப்போது அறுபது தாண்டிவிட்டது. ஓய்வுக்கு நாள் எண்ணுகிறேன். சில வருடங்களுக்கு முன்னர் வேலை பழக ஒரு சிரியா நாட்டுப் பொடியன் வந்தான். 2015இல் வந்த சனத்தோடு வந்தவன். முதல்நாள் காலை, ஒரு கிழவரின் கட்டிலருகே ஈரத்துணியோடு அசையாமல் நின்றான். உதடு மட்டும் அசைந்தது. மொழி விளங்காவிட்டாலும் என்ன சொல்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. தாய் எங்கே என்று நான் கேட்கவில்லை.

"கட்டிலை முதலில் உயர்த்து" என்றேன். உயர்த்தினான். நான் மற்றப் பக்கத்தில் போய் நின்றேன்.